ஒளித்து வைத்த மாத்திரை

போன வாரம் சீப்புச் சீடைக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் பக்கத்து ஊர் அக்கா ஒருவர் வந்தார். ஏதோ விசேஷத்துக்குப் பலகாரம் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் அடுப்படி வாசலிலேயே நின்றுகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"மகளுக்கு வரன் அமைஞ்சிருச்சும்மா. அவளுக்கு அந்த ஃபிட்ஸு இருக்குல்ல, உனக்குத் தெரியுமே. ரெண்டு வருசமா வரல. சொல்லாமலே முடிச்சிரலாமா? நீதான் இத்தனை வருசமா வீட்டுக்காரர வச்சுப் பாக்குற, நீ சொல்லு."

அடுப்பை அணைத்துவிட்டு அவரை உட்கார வைத்தேன். அன்றைக்கு அவரிடம் சொன்னதையும், தொண்டை வரைக்கும் வந்து சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் படித்துப் பார்த்து "போடு" என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன். அந்த அக்காவிடமும் மகளிடமும் கேட்டாயிற்று. பேரும் ஊரும் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

சொல்லாமல் முடிக்காதீர்கள். என் பதில் இதுதான். சொல்லாமல் முடித்த கல்யாணத்தில் வந்தவள் நான்.

2009 ஆவணியில் எங்கள் கல்யாணம். இவருக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. எனக்கோ என் வீட்டுக்கோ தெரியாது. மாத்திரைப் பட்டை அடுப்படியில் புளிப் பானைக்குப் பின்னால் ஒரு மஞ்சப்பைக்குள் இருந்திருக்கிறது. காலையும் இரவும் என் மாமியார் "தம்பி, இங்க கொஞ்சம் வா" என்று கூப்பிடுவார். இவர் போய்விட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். அம்மாவும் மகனும் ஏதோ பேசுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கல்யாணம் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாளில் கண்டனூரில் எங்கள் அம்மா வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். அங்கே புளிப் பானையும் இல்லை, மாமியாரும் இல்லை. எங்கள் முன்னால் எடுத்துப் போடக் கூச்சப்பட்டு, மாத்திரையைக் கொண்டுவராமலே வந்துவிட்டார். இரண்டு நாள் மாத்திரை இல்லை. இரண்டு ராத்திரியும் சொந்தக்காரர்களோடு விடிய விடியப் பேச்சு. மூன்றாம் நாள் விடியற்காலையில் ஒரு சத்தம் கேட்டது. தொண்டைக்குள்ளிருந்து யாரோ பிடித்துத் தள்ளின மாதிரி ஒரு அலறல். திரும்பிப் பார்த்தால் உடம்பு விறைத்துக் கிடக்கிறது. அப்புறம் கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கின்றன. உதடு நீலமாகிவிட்டது.

வீடே கூடிவிட்டது. எங்கள் அப்பா சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணித்தார். பக்கத்து வீட்டுக்காரர் பல்லுக்கு நடுவில் கரண்டியைச் செருகினார். நான் சுவரோரம் ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். அடங்கிய பிறகு பார்த்தால் முன்பல் ஒன்றின் முனை உடைந்து கிடந்தது. இன்றைக்கும் இவர் சிரிக்கும்போது அந்தப் பல் தெரியும். நோய் உடைத்த பல் இல்லை அது, உதவிக்கு வந்த கரண்டி உடைத்தது.

முழித்ததும் இவர் முதலில் பார்த்தது என் முகத்தை. அடுத்து, நனைந்திருந்த கைலியை. அந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் இவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை.

கோபப்பட்டேன். ஒரு மாதம் அம்மா வீட்டிலேயே இருந்தேன். எனக்கு நோய் பெரிதாகத் தெரியவில்லை, ஏமாற்றினார்களே என்றுதான் வந்தது. ஒரு நாள் இவரே தனியாகப் பஸ் ஏறி வந்தார். திண்ணையில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தார். பழைய மருந்துச் சீட்டுகள், மூளைக்கு எடுத்த இ.இ.ஜி. தாள்கள், ஸ்கேன் படம் எல்லாம் இருந்தன. "எல்லாம் இதுல இருக்கு. முதல்லயே இதக் கொடுத்திருக்கணும். பாத்துட்டு நீ என்ன சொன்னாலும் சரி" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

பிற்பாடு மதுரைக்கு டாக்டரிடம் இரண்டு பேருமாகப் போனபோதுதான் எனக்கு விளங்கியது. தொடர்ந்து சாப்பிடும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும். தூக்கம் கெட்டாலும் வரும். எங்கள் வீட்டில் நடந்தது இரண்டும்தான். மறைத்தார்கள், மறைத்ததால் மாத்திரை தவறியது, மாத்திரை தவறியதால் வலிப்பு வந்தது. கண்டனூரில் அன்றைக்கு இவர் என் முன்னால் ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு மாத்திரையைப் போட்டிருந்தால், அந்தப் பல் முழுசாக இருந்திருக்கும்.

அந்த அக்காவிடம் இதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் உங்கள் மகள் எந்த நேரத்தில், எந்த மூலையில் நின்று மாத்திரை சாப்பிடுவாள்? பொண்ணு விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வால்ப்ரோயேட் என்ற மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கர்ப்பம் உண்டானால், குழந்தைக்குப் பிறவிக் குறை வரும் ஆபத்து வலிப்புக்கான மற்ற பல மாத்திரைகளைவிட அதிகம். அதனால் கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசி, தேவைப்பட்டால் மாத்திரையை மாற்றிக்கொள்ள வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரையையும் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே எடுக்கச் சொல்வார்கள். பயந்துபோய்த் தானாக நிறுத்துவதும் ஆபத்து. புருசனுக்கே தெரியாத நோய்க்கு இதையெல்லாம் யாரிடம் பேசி, யாரோடு போய்ச் செய்வது? ஒழுங்காக டாக்டர் மேற்பார்வையில் இருக்கிற பெண்களில் பெரும்பாலானவர்கள் நல்லபடியாகப் பிள்ளை பெற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு வலிப்பு வருவதும் இல்லை. எங்கள் மகன் ஒன்பதாவது படிக்கிறான், அவனுக்கு ஒன்றும் இல்லை.

"சொன்னா யாரும்மா கட்டுவா? கட்டினாலும் சட்டப்படியே தள்ளி வச்சிரலாமாமே" என்றார் அக்கா. இது பழைய கதை. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு உள்ளவர்களின் கல்யாணத்துக்குத் தடையாக இருந்த வார்த்தையை 1999-லேயே எடுத்துவிட்டார்கள். வலிப்பு இருக்கிறது என்பதற்காகக் கல்யாணத்தை ரத்து செய்ய முடியாது. ஆனால் முக்கியமான விஷயத்தை மறைத்து ஏமாற்றினார்கள் என்று வழக்குப் போட அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. சொல்லிவிட்டுச் செய்தால் சட்டம் உங்கள் மகள் பக்கம், மறைத்துச் செய்தால் அவளே கோர்ட்டில் போய் நிற்க வேண்டி வரும் அக்கா என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

உலகத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் இவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்றும் சொல்கிறது. அப்படி இருக்கும்போது நம் ஊர்களில் இதை ஏன் முனி அடித்தது, காத்துக் கருப்பு என்று மூடி மூடி வைக்கிறோம்?

சரி, அந்தச் சாவிக்கொத்துக்கு வருகிறேன். பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் கையில் எதைக் கொடுத்தாலும், அதைக் கொடுத்ததால்தான் நின்றது என்று தோன்றும். சாவிக்குப் பேர் கிடைத்தது இப்படித்தான். செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பக்கத்தில் இடிக்கிற பொருளை நகர்த்துங்கள். தலைக்குக் கீழே துண்டை மடித்து வையுங்கள். இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். கையைக் காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாய்க்குள் எதையும் செருகாதீர்கள், முழுசாகத் தெளியும் வரை தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஒன்று முடிந்து தெளிவதற்குள் அடுத்தது வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு ஒரு யுகம் மாதிரி இருக்கும். எனக்கு இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

இவர் ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற பூக்கல் செய்கிறவர். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, அதற்குள் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றிப் பூ எடுப்பதில் நல்ல கை. மேலே மணலும் சிமெண்டும் போட்டு இறுக்கி, அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் ஊறப் போடுவார்கள். எனக்குப் பயம் அந்தத் தொட்டியை நினைத்துத்தான். இடுப்பளவுத் தண்ணீர் போதுமே. முதலில் வேலை பார்த்த பட்டறையில் ஒரு தடவை வந்தது, மறுநாள் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த இடத்தில் நானே கூடப் போய், முதல் நாளே முதலாளியிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அச்சு வேலைய மட்டும் பாக்கட்டும், தொட்டிக்கு வேற பையன் இருக்கான்" என்றார். இன்றைக்கும் அங்கேதான் வேலை. கூட வேலை பார்க்கிற ஐந்து பேருக்கும் ஒருக்களிக்கத் தெரியும்.

பைக்கை விற்றோம். ஓட்டுநர் உரிமத்துக்குக் கொடுக்கும் படிவத்திலேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள். பொய் எழுதி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், எங்களுக்கு மனசு வரவில்லை. நான் ஸ்கூட்டர் கற்றுக்கொண்டேன். இவர் பின்னால் உட்கார்ந்து வரும்போது ஊரில் பேசினார்கள்தான். முதல் வருசம் இவருக்கு அது ரொம்ப வலித்தது.

இதையெல்லாம் விடக் கஷ்டமாக இருந்த ஒன்றை இப்போதுதான் எழுத வருகிறது. ராத்திரி இவர் மூச்சுச் சத்தத்தைக் கேட்டபடியே படுத்திருப்பேன். புரண்டு படுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நிற்பேன். ஊருணிக்குப் போகக் கூடாது, அடுப்புப் பக்கம் வரக் கூடாது, தேர் பார்க்கப் போனாலும் ஒன்பது மணிக்குத் திரும்பிவிட வேண்டும். பாசம்தான், ஆனால் அந்தப் பாசத்தில் இவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. நடுவில் லெவடிரசெட்டம் என்ற மாத்திரைக்கு மாற்றினார்கள். வலிப்பு குறைந்தது, கோபம் கூடியது. சட்னியில் உப்புக் குறைந்தால் தட்டு பறக்கும். என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்து நான் தனியாக அழுதிருக்கிறேன். ஆறு மாதம் கழித்து டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அந்த மாத்திரை சிலருக்கு இப்படி எரிச்சலை உண்டாக்கும் என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார். ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது நான். மாமியார் நோயை மறைத்தார், நான் கோபத்தை மறைத்தேன்.

ஒரு நாள் சண்டையில் இவர் சொன்னார்: "வேலையிலிருந்து வந்து நுழஞ்சதும் நீ என்கிட்ட கேக்குறது ஒண்ணுதான். மாத்திர போட்டாச்சா. சாப்பிட்டியா, வேல எப்படி இருந்துச்சு, ஒண்ணும் கெடயாது. நான் புருசனா, நோயாளியா?"

பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் காரைக்குடியில் ஏழு அறை போட்ட மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை இவரே நிரப்பி வைப்பார். ராத்திரி படுக்கப் போகும்போது பெட்டியை ஒரு பார்வை பார்ப்பேன், கேட்க மாட்டேன். பாத்ரூம் கதவிலிருந்து தாழ்ப்பாளைக் கழற்றி, கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினோம். நான் வாசலில் நிற்பதை விட்டேன். இவர் குளிக்கும்போது பாட ஆரம்பித்தார். சுருதி சேராது, ஆனால் அடுப்படி வரைக்கும் கேட்கும். ஊருணிக்கும் போகிறார், நீச்சல் தெரிந்த கூட்டாளி ஒருவரோடு. கடைசியாக வலிப்பு வந்து மூன்று வருசம் இரண்டு மாதம் ஆகிறது. நோட்டில் தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

"நீ தெய்வம்மா" என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிப்பதில்லை. அப்படிச் சொன்னால் இவர் சுமை என்று ஆகிவிடும். எனக்கு டைபாய்டு வந்து படுத்திருந்த இருபது நாளும் கஞ்சி வைத்துக் கொடுத்து, என் துணியைத் துவைத்துப் போட்டது இவர். அப்போது யாரும் இவரைத் தெய்வம் என்று சொல்லவில்லை.

நேற்று சாயங்காலம் அந்த அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருபத்து நான்கு வயசுப் பொண்ணு. ரொம்ப நேரம் தரையில் இருந்த பூக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அம்மா சொல்ல வேணாம். ஞாயித்துக்கிழம அவங்க வரும்போது நானே அவர்கிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டாள். சொல்லும்மா, சீட்டையும் கையில் வைத்துக்கொள் என்றேன். அவர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது. வேண்டாம் என்றும் சொல்லலாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே எட்டு மணி ஆகிவிட்டது. அவள் கைப்பைக்குள் கையை விட்டாள், எதையோ பற்றினாள், வெளியில் எடுக்காமல் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். இவர் ஊஞ்சலிலிருந்து எழுந்து போய்ச் செம்பில் தண்ணீரும் தன் மாத்திரைப் பெட்டியும் எடுத்து வந்தார். செம்பை அவள் பக்கம் நீட்டி, "முதல்ல நீ போட்டுக்கம்மா, எனக்கும் எட்டு மணிதான்" என்றார்.