சாம்பலாகப் பூசும் பிரஷ்: மறுநிறுவல் தேவையில்லை

“பிரஷ் சாம்பல் நிறத்திலேயே பூசினால் போட்டோஷாப் கெட்டுவிட்டது, அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள்” என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் கெட்டுப்போனது எதுவும் இருக்காது.

முதலில் லேயர் பேனலைப் பாருங்கள். படத்தின் சிறுபடத்துக்குப் பதில் பக்கத்திலுள்ள மாஸ்க் (லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று தீர்மானிப்பது) தேர்வாகியிருக்கும். மாஸ்க்கில் கறுப்பு, வெள்ளை, இடைப்பட்ட சாம்பல் மட்டும்தான். சிவப்பைத் தேர்ந்தாலும் சாம்பலாகவே மாறும். மொரிஷியஸின் கோர் தெ கார்ட் மலைக்கோயில் காவடிப் படமொன்றில் இளஞ்சிவப்புச் சேலையைத் திருத்தப்போய் அரை மணி நேரம் நானும் இப்படித்தான் முழித்தேன். படத்தின் சிறுபடத்தைச் சொடுக்கியதும் நிறம் வந்துவிட்டது.

மாஸ்க்கே இல்லையென்றால் இமேஜ் மெனுவில் மோட் கிரேஸ்கேலில் (வண்ணமில்லாத சாம்பல் முறை) இருக்கிறதா பாருங்கள். ஆர்ஜிபி என்ற வண்ண முறைக்கு மாற்றினால் பிரஷ் வண்ணத்தில் பூசும். ஏற்கெனவே போன வண்ணம் மட்டும் திரும்பாது, அதற்கு மூலக் கோப்புதான் வேண்டும்.

அப்புறம், பிரஷின் வட்டம் மறைந்து சிறு குறுக்குக்கோடு தெரிகிறது என்று கேட்டவருக்கு: கேப்ஸ் லாக்கை அணையுங்கள். அதற்கும் மறுநிறுவல் வேண்டாம்.