பாறைக் கோடுகள் வெள்ளத்தின் தடமல்ல

சுங்கை சிப்புட் தோட்டப் புலனக் குழுக்களில் சில நாட்களாக ஒரு படம் சுற்றுகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பாறையில் தெரியும் கிடைக்கோடுகள் ஊழிவெள்ளம் ஏறி இறங்கிய அடையாளம் என்கிறது அந்தச் செய்தி. அது தவறு.

அது நவஹோ மணற்பாறை. ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த பாலைவன மணல். கோடுகளுக்கு இடையே சாய்ந்து கிடக்கும் அடுக்குகளைப் படத்திலேயே பாருங்கள். அவை மணல்மேட்டின் சரிவுகள். தண்ணீருக்கும் பங்கு உண்டு, ஆனால் கீழிருந்து. காற்று உலர்ந்த மணலை வாரிச் செல்லும். நிலத்தடி நீர் ஊறிய ஈரமணலைத் தொட்டதும் அதற்குமேல் அள்ள முடியாது. நம் பழைய ஈயச் சுரங்கக் குட்டையோரத்திலும் மேல்மணல் பறக்க, அடியில் ஈரமணல் அசையாமல் கிடக்கும். ஈரமணலின் அந்த மட்டத்தில் தளம் தட்டையாகிறது; அதுவே பாறையில் கிடைக்கோடாகத் தெரிகிறது. நீர்மட்டம் உயர்ந்தால் மேலும் மணல் தங்கிப் புதைகிறது. 1968-இல் நிலவியலாளர் வில்லியம் ஸ்டோக்ஸ் இதை விளக்கினார். எல்லாக் கோடுகளும் இப்படி வந்தவை அல்ல. மேடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நகர்ந்தும் சில உண்டாயின.

இப்பாறையின் பாலைவன வரலாற்றை அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் இணையத்தளத்தில், சயான் பூங்காவுக்கான பக்கத்தில் சரிபார்க்கலாம். மாணவர் குழுக்களுக்கும் அந்தத் தவறான செய்தி போயிருப்பது வருத்தம் தருகிறது. தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவர்கள் அதே குழுவில் இவ்விளக்கத்தையும் பகிருங்கள்.