விழித்திருக்கும்போது மூளை ஆபரேஷன்: வலி பற்றிய திருத்தம்

"நோயாளி விழித்திருக்கும்போதே மூளையைத் திறந்தால் வலியில் துடித்துப்போவார், யாரும் சம்மதிக்காதீர்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. இதைப் படித்துப் பயந்து யாரும் ஆபரேஷன் தேதியைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது.

மூளைத் திசுவுக்கு வலி உணரும் நரம்பு முனைகள் கிடையாது. வலி முக்கியமாகத் தெரிவது தலைத்தோலிலும் மூளையை மூடிய உறையிலும்தான். தலைத்தோலை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வார்கள். மண்டையோட்டைத் திறக்கும்போது பெரும்பாலும் தூங்கவும் வைப்பார்கள். பேச்சையோ கைகால் அசைவையோ ஆளும் பகுதிக்குப் பக்கத்தில் கட்டி இருந்தால்தான் பொதுவாக நடுவில் எழுப்புவது.

என் அக்காவுக்கு இங்கே பெங்களூரில் அப்படித்தான் செய்தார்கள். படங்களைக் காட்டக் காட்ட "குடை, யானை, சாவி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். மூளையில் லேசான மின்தூண்டல் கொடுத்த ஓரிடத்தில் "சாவி" மட்டும் வாயில் வரவில்லை. பேச்சுக்கு வேண்டிய இடம் அது என்று தெரிந்ததால், அதைத் தொடாமல் விட்டார்கள். அவளுக்கு நினைவிருப்பது ஒரே பக்கமாய்ப் படுத்திருந்த தோள்வலியும் தொண்டை வறட்சியும்தான்.

அல்சூர், சிவாஜிநகர் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது: வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம் என்றால் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். மொழிக்கு மொழி மூளையில் இடம் கொஞ்சம் மாறலாம். இரண்டையும் சோதிப்பார்களா என்று கேளுங்கள்.

ரத்தக்கசிவு, தொற்று, வீக்கம், வலிப்பு எல்லாம் உண்மையான ஆபத்துகள்தான், மறைக்கவில்லை. அப்புறம், வலிப்பு மாத்திரையையோ மூளை வீக்கத்தைக் குறைக்கத் தரும் ஸ்டீராய்டு மருந்தையோ நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.