ஆமாம், தரை ஈரமாகத்தான் இருந்தது

ஆசிரியர்கள் வாட்ஸப் குரூப்பில் என் வகுப்புப் படத்தைப் போட்டு "அறிவியல் பீரியடா, தண்ணி விளையாட்டா?" என்று கேட்டவருக்கும், கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மை போட்ட சக ஆசிரியப் பெருமக்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கரைதல் பாடம் நடத்தும்போது தரையில் தண்ணீர் சிந்தியதும் பிள்ளைகள் சத்தம் போட்டதும்தான் விஷயம்.

தரை ஈரமாகத்தான் இருந்தது. துடைத்ததும் நான்தான்.

நான் கரடியாகக் கத்துவது ஒன்றைத்தான். முதலில் பொருளைக் கையில் கொடுங்கள், பெயரை அப்புறம் சொல்லுங்கள். கரைதல், உருகுதல் இரண்டுக்கும் போர்டில் வரையறை எழுதிப்போட்டால் பிள்ளைகள் அழகாகக் காப்பி எடுப்பார்கள். மறுநாள் கேளுங்கள், "உப்பு தண்ணியில உருகிடுச்சு மிஸ்" என்பார்கள். அன்றைக்கு ஈரமில்லாத இரண்டு டம்ளர் வைத்தேன். ஒன்றில் ஐஸ் கட்டி, இன்னொன்றில் உப்பு. ஐஸ் தன்பாட்டுக்குத் தண்ணீரானது. உப்பு போட்டபடியே கிடந்தது. "இதுக்குத் தண்ணி ஊத்தணும் மிஸ், அதுக்கு வேணாம்" என்றாள் ஒருத்தி. பிறகுதான் சாக்பீஸையே எடுத்தேன்.

அடுத்து 100 மி.லி. தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு. சுமார் 36 கிராமைத் தாண்டினால் எவ்வளவு கலக்கினாலும் அடியில் தங்கிவிடும். "நிரம்பிடுச்சு மிஸ், இனிமே வாங்காது" என்று ஒரு பையன் கரண்டியைக் கீழே வைத்தான். 'தெவிட்டிய கரைசல்' என்று எழுதியது அந்த நிமிஷத்தில். சூடாக்கினால் இன்னும் கரையுமே என்றான் இன்னொருவன். சர்க்கரை என்றால் நிறையவே கரைந்திருக்கும். உப்புக்குப் பெரிய வித்தியாசம் வராது. சூடாக்கிப் பார்த்தும் வரவில்லை என்றதும் ஆளாளுக்கு ஏன், ஏன் என்று எழுந்துவிட்டார்கள். உங்கள் படத்தில் இருக்கிற 'கூச்சல்' அதுதான் ஐயா.

"சிலபஸை யார் முடிப்பது?" நான்தான் முடிக்கிறேன், வருஷா வருஷம்.

செய்தால் மட்டும் சொல் மனதில் நிற்குமா என்று ஒருவர் நியாயமாகக் கேட்டிருந்தார். நிற்காது. செய்ததைப் பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அந்தச் சொல்லை வைத்துச் சொந்தமாக எழுத வேண்டும். அதற்கும் நேரம் ஒதுக்கினேன். அதை யாரும் படம் எடுக்கவில்லை.

"இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு" என்பவர்களுக்கு: விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே மின்னாற்பகுப்பை (மின்சாரம் செலுத்திப் பொருளைப் பிரிப்பதை) செய்து செய்து பார்த்த பிறகுதான், கண்டதற்கெல்லாம் நல்ல பெயர் வேண்டுமென்று 1834-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹுவெல்லிடம் கேட்டார். ஆனோடு, கேத்தோடு (மின்சாரம் உள்ளே போகும், வெளியே வரும் முனைகள்), அயனி (மின்னூட்டம் கொண்ட துகள்) எல்லாம் அப்படி வந்த பெயர்கள். ஃபாரடேயையும் பத்து தடவை இம்போசிஷன் எழுதச் சொல்லியிருக்கலாம்.

சரி, சொல்லியே விடுகிறேன். கிண்டல் வலிக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று போனில் எடுத்துக்கொண்டு போனதுதான் வலிக்கிறது. உள்ளே வந்திருந்தால் பிள்ளைகளே உங்களுக்கு விளக்கியிருப்பார்கள். படத்தில் முதுகு காட்டி நிற்கிறானே, அவன் என் வகுப்பில் வாயே திறக்காதவன். அன்றைக்கு அவன் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது. உங்கள் கணக்கில் அது ஒழுங்கீனம். மற்ற பிள்ளைகளின் முகமும் தெரிகிறது, படத்தை நீக்குங்கள். என்னைப் பற்றி எழுதியது இருந்துவிட்டுப் போகட்டும்.

திங்கட்கிழமை பரப்பு இழுவிசை, அதாவது தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் மாதிரி நடந்துகொள்வது. தண்ணீர்மேல் ஜெம் கிளிப்பைப் படுக்கவைத்து மிதக்கவிட்டு, சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு மூழ்கடிக்கப் போகிறோம். சத்தம் வரும். முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.