ஆற அமர யோசித்த எஃப்.டி.ஏ.

அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் பொறுமைக்குக் கோயிலே கட்டலாம். உடலுறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய அவசரக் கருத்தடை மாத்திரை பிளான் பி. மருந்துச்சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று 2003-லேயே அவர்களுடைய நிபுணர் குழு 23-க்கு 4 என வாக்களித்தது. கேட்டார்களா? 2004-இல் மறுப்பு. 2006-இல், 18 வயதானால் சரி. அப்புறம் 17. 2011-இல் எஃப்.டி.ஏ.வே மனசு வைத்தபோது சுகாதாரத் துறைச் செயலர் குறுக்கே விழுந்தார். நீதிமன்றம் காதைத் திருகி, 2013-இல்தான் வயது வரம்பு ஒழிந்தது. 72 மணி நேர மாத்திரைக்குப் பத்து வருட யோசனை!

கருக்கலைப்பு மாத்திரையான மிஃபெப்ரிஸ்டோன்? அனுமதி கிடைத்தது பிரான்ஸில் 1988, அமெரிக்காவில் 2000. தினசரி கருத்தடை மாத்திரையான நார்ஜெஸ்ட்ரெல் 1973-இல் அங்கீகாரம் பெற்றது. சீட்டில்லாமல் வாங்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்ததாம். ஆண்களின் விறைப்புக் குறைபாட்டுக்கான வயாகராவை மட்டும் ஆறே மாதத்தில் பரிசீலித்து 1998-இல் அனுமதித்தார்கள். அப்போது மட்டும் எங்கிருந்து வந்தது இந்தச் சுறுசுறுப்பு?