ஃப்ரீசரை நம்பிப் பச்சைப் பன்றிக்கறி போடலாமா?
பச்சைப் பன்றிக்கறியை மூன்று வாரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு நாய்க்குப் போடலாம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். கணக்கு சரிதான். 15 செ.மீ.க்குக் குறைந்த கனமுள்ள துண்டு மைனஸ் 15 டிகிரியில் 20 நாள் விடாமல் இருந்தால், வளர்ப்புப் பன்றியில் இருக்கும் டிரிக்கினெல்லா புழு செத்துவிடும். ஆனால் எங்கள் ரங்கூனில் கரண்ட் போய்ப் போய் வருகிறது. நேற்று கரண்ட் வருவதற்குள் ஃப்ரீசர் அடியில் சிவப்பாகத் தண்ணீர் தேங்கிவிட்டது, கறியை விரலால் அமுக்கினால் குழிந்தது. அப்புறம், சால்மோனெல்லா என்கிற பாக்டீரியாவைக் குளிர் கொல்லாது. பச்சைப் பன்றிக்கறி வழியாகச் சூடோரேபிஸ் வைரஸ் தொற்றினால் இரண்டு மூன்று நாளில் நாயின் உயிரே போய்விடும், அதற்கு மருந்தும் இல்லை. தயவுசெய்து நன்றாக வேகவைத்தே போடுங்கள். உப்பு, வெங்காயம் வேண்டாம். எலும்பையும் எடுத்துவிடுங்கள், வெந்த எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும்.