பத்து மணிக்கு நின்ற படம்

நேற்று ராத்திரி அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். "மாமா, 'ராத் ஆஃப் த டைட்டன்ஸ்' திரும்பப் பார்த்தேன். முதல் பாகத்தை நீங்க திட்டினது நியாயம்தான். ஆனா ரெண்டாவது பாகம் அந்தக் கணக்கைத் தீர்த்துடுச்சுதானே?"

இரண்டு படத்துக்கும் அவனை ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான். அப்போது அவன் சின்னப் பையன். இப்போது பினாங்கில் வேலை. ஒரு வரியில் பதில் போடப் பார்த்தேன், முடியவில்லை. நாற்பது வருசமாக மனசுக்குள் கிடக்கிற விஷயம் இது. அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

அவன் சொல்கிற முதல் பாகம் 2010-இல் வந்த 'கிளாஷ் ஆஃப் த டைட்டன்ஸ்', கிரேக்கப் புராணக் கதை. 'ராத்' 2012-இல் வந்த அதன் தொடர்ச்சி. அந்த முதல் பாகமே ஒரு பழைய படத்தின் மறு ஆக்கம். முதலில் அந்தப் பழைய படத்தைச் சொல்ல வேண்டும். 'கிளாஷ் ஆஃப் த டைட்டன்ஸ்' 1981-இல் வந்தது. நான் பார்த்தது சில வருசம் கழித்து, வீடியோ டேப்பில். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் அப்போது வீட்டுக்கு வீடு டிவி கிடையாது. தீபாவளி லீவுக்கு டவுனிலிருந்து வாடகைக்கு வீடியோ செட் எடுத்துவந்து கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) வீட்டு அஞ்சடியில் (முன்திண்ணையில்) வைப்பார்கள். தலைக்கு 50 காசு. பிள்ளைகளுக்கு முன்வரிசையில் கோணிச் சாக்கு. இரண்டு தமிழ்ப் படத்தோடு யாரோ ஓர் இங்கிலீஷ் டேப்பையும் சேர்த்து வாங்கி வந்துவிட்டார்கள்.

எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு தாத்தா இருந்தார். வாலிப வயசில் கூத்துக் கட்டியவர். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. படம் ஆரம்பிக்கிறது: ஒரு ராஜா தன் மகளையும் கைக்குழந்தையையும் மரப்பெட்டிக்குள் வைத்துக் கடலில் தள்ளிவிடுகிறான். தாத்தா எழுந்து நின்றார். "இவன் கர்ணனப்பா! தெய்வத்துக்குப் பொறந்தவன், பெட்டியில போறான், பாரு!" அவ்வளவுதான். அந்தக் குழந்தைதான் கதாநாயகன் பெர்சியுஸ். அதற்கப்புறம் அவன் எங்களுக்கு அந்நியன் இல்லை. கர்ணனையும், காட்டில் விடப்பட்ட மதுரை வீரனையும் தெரிந்த பிள்ளைகளுக்குக் கிரேக்கத்து வீரனைப் புரிந்துகொள்ளச் சப்டைட்டில் எதற்கு?

தோட்டத்தில் கரண்ட், ஜெனரேட்டர் இஞ்சினில்தான் வரும். ராத்திரி பத்து மணிக்கு நின்றுவிடும். அன்றைக்கு அது நின்றது எங்கே தெரியுமா? மெடூசாவின் இருட்டுக் கோயிலுக்குள். தலைமுடிக்குப் பதில் பாம்புகள் உள்ளவள் அவள். அவளை நேருக்கு நேர் பார்த்தால் கல்லாகிவிடுவார்கள், கேடயத்தில் தெரியும் பிம்பத்தைத்தான் பார்க்கலாம். தூண்களில் தீ வெளிச்சம் ஆடுகிறது. முதலில் கேட்பது அவள் வால் கிலுகிலுக்கிற சத்தம் மட்டும். பிறகு நிழல். பிறகு ஓர் அம்பு. கூட வந்தவர்கள் சாகிறார்கள். பெர்சியுஸ் தூணுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவள் கையை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு வருகிறாள். டப்பென்று இருட்டு.

யாரும் கத்தவில்லை. அத்தனை பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். தாத்தாதான் கடைசியில் எழுந்து, "மிச்சம் நாளைக்கு" என்றார்.

அன்றைக்கு ராத்திரி லயத்துக்குப் பின்னால் கக்கூஸுக்குப் போக ஒரு பிள்ளையும் தயாராக இல்லை. விடியற்காலை அம்மா பெரட்டுக்கு, பெயர் கொடுத்து வேலைக்குப் போக, கிளம்பும்போதே நானும் விழித்துக்கொண்டேன். பகல் முழுக்கப் பால்மரங்களுக்கு நடுவே சட்டி மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு அலைந்தோம். மூடியில் முகம் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பின்னாலேயே நடந்தோம். அடுத்த நாள் ராத்திரி, இஞ்சின் போட்டதும் அந்த இடத்திலிருந்தே படம் தொடர்ந்தது. நான் பார்த்த முதல் 'இரண்டாம் பாகம்' அதுதான்.

அந்த மெடூசாவைச் செய்தவர் ரே ஹாரிஹவுசன். அவர் வேலை செய்த கடைசி முழுநீளப் படம் அது. உலோகத்தில் எலும்புக்கூடு, மூட்டுக்கு மூட்டு அசையும். அதன் மேல் ரப்பரில் சதை, தோல். அந்தப் பொம்மையை மயிரிழை நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொரு படம். திரையில் ஒரு விநாடி ஓட 24 படம் வேண்டும். மெடூசாவுக்கோ உடம்பு, கை, வால் நகர்ந்தால் மட்டும் போதாது. தலையிலிருக்கும் பாம்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நெளிய வேண்டும். எந்தப் பாம்பு எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்று அந்த மனுஷன் மனசிலேயே வைத்திருந்து நகர்த்தினார். அவருடைய முந்தைய படங்களின் பொம்மைகளுக்கு உலோக எலும்புகளைக் கடைந்து கொடுத்தவர் அவருடைய அப்பா. பொம்மைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்தது அம்மா. குடும்பமே உட்கார்ந்து செய்த வேலை.

இந்த ரப்பர் விஷயம் எனக்குப் பெரியவனான பிறகுதான் தெரியும். ரப்பர் மரத்துப் பாலை முட்டை அடிப்பதுபோல் நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, அடுப்பில் வேகவைத்தால் பஞ்சு போன்ற ரப்பர் கிடைக்கும். பல வருசம் சினிமா பூதங்களுக்கெல்லாம் அதுதான் சதை. அம்மாவிடம் சொன்னேன். அம்மா இருபது வருசத்துக்கு மேல் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டியவர். காண்டாவில், அந்தத் தோள் கம்பில், பால் வாளி சுமந்த தழும்பு இன்னும் தோளில் இருக்கிறது. "நம்ம பால்லயா அந்தப் பாம்புக்காரிய செஞ்சாங்க?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். எந்த நாட்டு மரத்துப் பாலோ, நான் கண்டேனா? ஆனால் அம்மாவின் முகத்தில் அப்போது வந்த பெருமையை மறக்க மாட்டேன். ஒரு படத்தின் மேல் எனக்கு இத்தனை பாசம் இருப்பதற்கு அதுவும் காரணம்.

அந்தப் படம் குறையே இல்லாதது என்று சொல்ல வரவில்லை. பல இடத்தில் இழுவை. இயந்திர ஆந்தை ஒன்று வந்து குழந்தைத்தனம் பண்ணும். ஆனால் பயப்பட நமக்கு நேரம் கொடுத்தது.

2010-இல் மறு ஆக்கம் வருகிறது என்றதும் அக்கா மகனை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போனேன். 3டி கண்ணாடி, அக்காவையும் சேர்த்து மூன்று டிக்கெட், ஏறக்குறைய 50 வெள்ளி. போகிற வழியெல்லாம் அவனுக்குக் கர்ணன் கதை சொல்லிக்கொண்டே போனேன், தாத்தா எனக்குச் சொன்ன மாதிரி.

படம் ஓடியது. மெடூசா வந்தாள். உடைந்த தூண்கள், கீழே எரிமலைக் குழம்பு, சரசரவென்று ஓட்டம், பாய்ச்சல், முடிந்தது. அவன் பயப்படவே இல்லை. நான் அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைக் கழற்றி, "மாமா, இது இல்லாமலும் அதே மாதிரிதான் இருக்கு" என்றான்.

அவன் சொன்னது சரி. படத்தை எடுத்தது சாதாரணக் கேமராவில். 2009 டிசம்பரில் 'அவதார்' வந்து வசூலை அள்ளிய பிறகுதான் இதையும் 3டி ஆக்கிவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். மாற்றும் வேலை சுமார் பத்து வாரத்தில் முடிந்தது. எடுத்த படத்தை 3டி ஆக்குவது என்றால், ஒவ்வொரு காட்சியிலும் முகம், முடி, புகை, தூண் எல்லாவற்றையும் ஓரம் பிசகாமல் வெட்டிப் பிரித்து, எது கிட்டே எது தூரம் என்று தீர்மானித்து, இன்னொரு கண்ணுக்கான படத்தைப் புதிதாக உண்டாக்க வேண்டும். முன்னால் நிற்பவரை நகர்த்தினால் பின்னால் ஓட்டை விழும். அதையும் வரைந்து அடைக்க வேண்டும். அவசரத்தில் செய்தால் மனுஷர்கள் அட்டையில் வெட்டி நிறுத்தியதுபோல்தான் தெரிவார்கள். இயக்குநர் லூயி லெத்தேரியே பிற்பாடு அந்த 3டியை வெளிப்படையாகவே குறை சொன்னார்.

ஆனாலும் படம் உலகம் முழுக்க ஏறக்குறைய 490 மில்லியன் டாலர் வசூலித்தது. எனக்கு வலித்தது 3டி கூட இல்லை. ஒரு காட்சியில் வீரர்கள் ஆயுதம் எடுக்கும்போது அந்தப் பழைய இயந்திர ஆந்தை பெர்சியுஸ் கையில் கிடைக்கும். அதை விட்டுவிட்டு வா என்பார்கள். கொட்டகையில் சிலர் சிரித்தார்கள். பழைய படத்தின் மேல் பாசம் வைத்தவனைப் பார்த்து, அதெல்லாம் குப்பை, தூக்கிப் போடு என்று சொல்வதுபோல் இருந்தது எனக்கு. கோயிலைப் புதுப்பிக்கிறேன் என்று வந்தவன் மூலவரைக் கொல்லைப்புறத்தில் வைத்துவிட்டுப் போன மாதிரி.

இனி 2012-இல் வந்த 'ராத்'. வேறு இயக்குநர், ஜோனதன் லீப்ஸ்மன். கதாநாயகன் சாம் வொர்திங்டன், முதல் படத்தில் தன் நடிப்பு போதவில்லை என்று தானே ஒப்புக்கொண்டு வந்திருந்தார். அதை மதிக்கிறேன். 3டியை இந்த முறை முதலிலேயே திட்டமிட்டிருந்தார்கள், கண்ணுக்கு வலியில்லை. கிராமத்துக்குள் கைமேரா என்கிற பூதம் நெருப்பைக் கக்கிக்கொண்டு பாயும் காட்சியில் அக்கா மகன் என் கையைப் பிடித்தான். இரண்டு வருசம் கழித்துப் பிடித்தான்! பாதாளத்தின் சுவர்கள் நகர்ந்து வழி மாறும் இடமும் நன்றாக இருந்தது. டைட்டன் என்றால் தேவர்களுக்கும் முந்திய ராட்சத குலம். பெயரில் டைட்டன் இருந்தும் முதல் படத்தில் டைட்டன் கிடையாது. கடைசியில் வரும் கிராக்கன் கிரேக்கக் கதையைச் சேர்ந்ததே இல்லை, வட ஐரோப்பாவில் நார்வே பக்கத்துக் கடலோடிகளின் பூதம். இரண்டாம் பாகத்தில்தான் குரோனோஸ் என்கிற உண்மையான டைட்டன் மலையை உடைத்துக்கொண்டு எழுகிறான். பெயரைக் காப்பாற்றிவிட்டார்கள். அந்த ஆந்தையையும் மறக்கவில்லை. தேவலோகக் கொல்லன் ஹெபைஸ்டஸ், துணைக்கு ஆளில்லாமல் அந்த ஆந்தையோடுதான் பேசிக்கொண்டிருக்கிறான். யாரோ ஒருவர் தப்பை உணர்ந்திருக்கிறார் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது.

அப்படியானால் கணக்குத் தீர்ந்ததா? இல்லை, தம்பி. ஏன் என்று சொல்கிறேன்.

முதல் படம் முடியும்போது ஈயோ என்ற பெண்ணை உயிரோடு கொண்டுவந்து பெர்சியுஸிடம் சேர்த்தார்கள். அந்தப் படத்தை ரசித்தவர்களுக்கு அது ஒரு வாக்கு. இரண்டாம் பாகம் ஆரம்பிக்கும்போது அவள் செத்துப்போயிருக்கிறாள், ஒரு மகன் இருக்கிறான். போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார்கள். தேவர்களின் உதவியே வேண்டாம் என்று முதல் படம் முழுக்க முறைத்துக்கொண்டு திரிந்தவன், தேவர்களின் ராஜாவான ஜீயஸை அப்பா என்று எப்போது மனசார ஏற்றுக்கொண்டான்? அந்த மாற்றம் நடந்த நாளை நமக்குக் காட்டவே இல்லை. முன்னே சொன்னதை அழித்துவிட்டுத்தான் இவர்களால் பின்னதைச் சொல்ல முடிந்தது. எங்கள் தோட்டத்தில் படம் நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தது. இங்கே நின்ற இடமே காணாமல் போய்விட்டது.

ஜனங்கள் எதையெல்லாம் குறை சொன்னார்களோ, அதையெல்லாம் குறித்துவைத்துச் சரி செய்திருக்கிறார்கள்: 3டி, பூதம், சண்டை. பொறுமை இல்லை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை போலும், அது அப்படியே விடுபட்டுப்போனது. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான படத்தில் ஓடுகிறார்கள், விழுகிறார்கள், மறுபடி ஓடுகிறார்கள். கைமேராவுக்கு என் கையைப் பிடித்த பையன் அதற்கப்புறம் பிடிக்கவில்லை. வசூலும் 300 மில்லியனைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது. படம் மோசம் என்பதால் மட்டும் அது நடந்திருக்காது. முதல் தடவை ஏமாந்தவர்கள் இரண்டாம் தடவை வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். முதல் பாகத்தின் கடனை இரண்டாம் பாகம் அடைக்கப் பார்த்தது, கடன்காரர்கள் கொட்டகைக்கு வரவில்லை.

நம் பக்கத்திலும் பார்த்தோமே. 2007-இல் 'பில்லா' மறு ஆக்கம் வந்தது. நம் நாட்டிலேயே எடுத்தார்கள், பத்துமலையைத் திரையில் பார்த்துக் கொட்டகையே கைதட்டியது. அந்த மறு ஆக்கம் நன்றாகவே இருந்தது. அதே 2012-இல் வந்த 'பில்லா 2' அந்த நல்ல பெயரைக் கூட்டவில்லை. ஆனால் 2007 'பில்லா' அதனால் கெட்டுப்போகவும் இல்லை, இன்றைக்குப் போட்டாலும் உட்கார்ந்து பார்க்கிறோம். படம் ஒவ்வொன்றும் தன் காலில்தான் நிற்கிறது. பின்னால் வந்தது முன்னால் வந்ததைக் கெடுக்க முடியாது என்றால், காப்பாற்றவும் முடியாது.

ஒன்றே ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் ஜீயஸும் அவன் சகோதரனான பாதாளத்து ராஜா ஹேடீஸும், அதாவது லியாம் நீசனும் ரால்ஃப் ஃபைன்ஸும், பல யுகப் பகையை விட்டுவிட்டு இரண்டு கிழவர்களாகப் பக்கத்தில் பக்கத்தில் நடந்து சண்டைக்குப் போவார்கள். என் அப்பாவும் பெரியப்பாவும் ஒரு வீட்டுமனைத் தகராறில் பதினோரு வருசம் பேசிக்கொள்ளவில்லை. பேசியபோது அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். அந்தக் காட்சியில் நான் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நீ பார்த்திருப்பாய். அதற்காக அந்தப் படத்துக்கு என்றைக்கும் நன்றி சொல்வேன். அது அந்தப் படத்தின் சொந்தச் சம்பாத்தியம். 2010-இன் கணக்கில் அதை வரவு வைக்க மாட்டேன்.

அந்தத் தோட்டத்தில் இப்போது லயம் இல்லை. முழுக்கச் செம்பனை, எண்ணெய்ப் பனை. தாத்தா போய் ரொம்ப வருசமாச்சு. டவுனில் தாமான் (குடியிருப்பு) வீட்டில்தான் இருக்கிறோம், கரண்ட் நிற்பதும் கிடையாது.

சனிக்கிழமை பினாங்கிலிருந்து வந்துவிடு, தம்பி. பாட்டியும் உன்னைப் பார்த்து நாளாச்சு என்கிறார். பசியாறிவிட்டு 1981 படத்தைப் போடுகிறேன். எட்டரைக்கு ஆரம்பித்தால் சரியாக இருக்கும். பத்து மணிக்கு நிறுத்திவிடுவேன். மிச்சம் ஞாயிற்றுக்கிழமை.